கண்ணுச்சாமியின் காதுக்கு எட்டாதது

ஓர் ஆர்மோனியம் செத்துவிட்டது என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? அதை வாசித்தவருக்கா, பரணில் போட்டு வைத்திருந்தவருக்கா, திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுகிறவருக்கா? ராஜபாளையம் கண்ணுச்சாமி இந்தக் கேள்வியை ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டவரில்லை. ஆனால் பன்னிரண்டு வருஷமாக அவர் பார்த்துவந்த வேலை இதைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

முப்பத்தோரு வருஷம் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், பக்கத்து வீட்டுச் சுப்புராஜ் பரணை ஒழித்தபோது கழுத்து முறிந்த வீணை ஒன்றைக் குப்பை வண்டிக்காகத் தெருவில் வைத்தார். கண்ணுச்சாமி அதைத் தூக்கிக்கொண்டு போய், குடத்துக்குள் பல்பு மாட்டி, நரம்புத் துளைகள் வழியாக வெளிச்சம் கசியும்படி செய்து, பத்து நாளில் திருப்பிக் கொடுத்தார். சுப்புராஜ் அதைக் கூடத்தில் மாட்டிவைத்து, "பாகுந்தி கண்ணுச்சாமி, பாகுந்தி" என்று தெலுங்கில் மெச்சி, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். அப்படித்தான் ஆரம்பித்தது. தோல் கிழிந்த மிருதங்கக் கட்டை மேஜை விளக்கானது. நசுங்கிய பேண்டு வாத்தியம் பூச்சாடியானது. ஆர்மோனியங்கள் மட்டும் எப்போதும் சின்ன அலமாரிகளாயின. முன்பக்கம் கட்டைகள் அப்படியே இருக்கும். அவற்றுக்குப் பின்னால் துருத்தி இருந்த இடத்தில் கண்ணாடித் தட்டு இருக்கும்.

அவர் பெரிய கலைஞர் என்று சொல்வதற்கில்லை. அவர் செய்தவற்றில் பாதி பார்க்கச் சுமார்தான். வார்னிஷ் சில இடங்களில் திட்டுத் திட்டாக நிற்கும், திருகாணித் தலைகள் வெளியே தெரியும். ஃபிட்டருக்கு ஆணியை மறைக்கத் தோன்றாது. மறைத்தால் நாளைக்குக் கழற்றுகிறவன் எப்படிக் கண்டுபிடிப்பான் என்பார். ஆனாலும் விருதுநகர் பக்கமிருந்து தென்காசி வரைக்கும் ஆட்கள் அவரைத் தேடி வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. வாசிக்க முடிகிற எதையும் அவர் தொடமாட்டார்.

இது ஊரறிந்த விஷயம். வாத்தியம் வந்தால் மூன்று நாள் அப்படியே இருக்கும். தினமும் காலையில் அதைத் துடைத்து, ஆர்மோனியமென்றால் துருத்தியை அமுக்கி, ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, காதைப் பலகையில் வைத்துக் கேட்பார். பிறகு அவர் மனைவி வெங்கடேஸ்வரி கேட்பார். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் நான்காம் நாள் ரம்பம் எடுப்பது. ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலும், "இதுக்கு இன்னும் உசிரு இருக்கு, மதுரைக்குக் கொண்டுபோயி ரிப்பேர் பாருங்க" என்று திருப்பிவிடுவார். அப்படி நாலைந்தைத் திருப்பியும் இருக்கிறார். "கண்ணுச்சாமி செத்துட்டுன்னு சொன்னா செத்ததுதான்" என்று ஜனங்கள் சொன்னார்கள். அதைக் கேட்டு அவருக்கு உள்ளுக்குள் ஒரு நிமிர்வு இருந்தது. அவர் இறுக்கிப் பிடித்திருந்த ஒரே பெருமை அதுதான்.

வெங்கடேஸ்வரியும் அதே ஆலையில் வேலை பார்த்தவர்தான். நூற்பு எந்திரங்கள் வரிசையாக ஓடும் பகுதியில், அறுந்த நூலைப் பிணைக்கும் வேலை. எந்திரச் சத்தத்தில் அங்கே யாரும் யாரிடமும் பேசமுடியாது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும், மீதியெல்லாம் கைச்சாடை. சூப்பர்வைசர் வருகிறார் என்றால் மீசையை முறுக்குவது. டீ என்றால் கட்டைவிரல். எந்திரம் நின்றுவிட்டது என்றால் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்குவது. கண்ணுச்சாமி அவரைக் கல்யாணத்துக்குக் கேட்டதுகூட அந்தச் சத்தத்துக்கு நடுவில் சாடையில்தான். வெங்கடேஸ்வரி புரியாததுபோல் மூன்று தடவை திருப்பிக் கேட்டார். மூன்றாவது தடவை அந்த வரிசை முழுக்கப் பார்த்துச் சிரித்தது. "அன்னைக்கே புரிஞ்சிட்டு. இன்னொரு தடவ கேக்கட்டுமேன்னு இருந்தேன்" என்று இப்போதும் சொல்வார்.

வீட்டிலும் அதே பழக்கம். அடுப்படியிலிருந்து அவர் விரலைக் காட்டுவார், இவர் தலையசைப்பார். பேச வேண்டுமென்றால் இருவரும் கத்துவார்கள். தெருவில் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரம் சண்டை நடக்கிறதென்று நினைப்பார்கள். குக்கர் விசிலை வெங்கடேஸ்வரி கண்ணால் எண்ணுவார். வெயிட் எழும்பி ஆடுவதைப் பார்த்து ஒன்று, இரண்டு என்று. அது ஏன் என்று இருவரும் யோசித்ததில்லை. இந்தக் காலத்து ஆட்கள் முணுமுணுவென்று பேசுகிறார்கள் என்பது மட்டும்தான் அவர்களுடைய குறை.

சென்ற வருஷம் ஆடி முடியும் சமயத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பிரிஸ்கில்லா ஓர் ஆர்மோனியத்தை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். பள்ளிக்கூட ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பாடகர் குழுவை நடத்துபவர். சபையில் கீபோர்டு வாங்கி வருஷங்களாகிவிட்டன. பழைய ஆர்மோனியத்தை வாசலில் கைப்பிரதிகள் வைக்கும் அலமாரியாக ஆக்கலாமென்று கமிட்டியில் முடிவு. பிரிஸ்கில்லாவுக்கு அதில் மனமில்லை என்றாலும், கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். வழக்கம்போல் மூன்று நாள். கரையான் மண் இடப்பக்கக் கட்டைகளையும் நடுக் கட்டைகளையும் அடைத்திருந்தது. துருத்தியில் ஒரு ஓட்டை. கண்ணுச்சாமி எல்லாக் கட்டைகளையும் அழுத்திக் கேட்டார். வெங்கடேஸ்வரி கேட்டார். மூன்றாம் நாள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து உள்ளங்கையைக் கவிழ்த்தார்கள்.

நான்காம் நாள் காலை பிரிஸ்கில்லா வந்தார், அறுப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாமென்று. கண்ணுச்சாமி ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பிரிஸ்கில்லா நின்றவாக்கிலேயே இடது கையால் துருத்தியை அமுக்கி, வலது கோடியில் ஒரு கட்டையைத் தொட்டார். பிறகு அடுத்ததை. பிறகு சட்டென்று முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, இது பாடுதே!"

கண்ணுச்சாமி அவர் உதட்டைப் பார்த்தார். "என்னம்மா சொல்லுதீங்க?"

"பாடுது அண்ணாச்சி! இங்க பாருங்க."

"அது காத்து போற சத்தம் டீச்சர்" என்று வெங்கடேஸ்வரி அடுப்படியிலிருந்தே சொன்னார். அவருக்குப் பிரிஸ்கில்லாவின் உதடும் துருத்தியில் இருந்த கையும் தெரிந்ததே தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

பிரிஸ்கில்லா கடைசி எட்டுக் கட்டைகளில் ஒரு கீர்த்தனையின் முதலடியை வாசித்தார். வாசித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். இருவரும் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் ஒன்றுமில்லை. ஒரு கார் போனாலோ, தட்டு விழுந்தாலோ முகத்தில் வருகிற சின்ன அசைவுகூட இல்லை. பிரிஸ்கில்லா கையை எடுத்துக்கொண்டார்.

சுற்றுச்சுவருக்கு அந்தப்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சுப்புராஜ் எட்டிப் பார்த்தார். "யாரும்மா வாசிச்சது? நல்லாருந்துச்சே, ஏன் நிப்பாட்டிட்டீங்க?"

"உமக்குக் கேட்டுச்சா?" என்றார் கண்ணுச்சாமி.

"கேக்காம? கொசு பாடுதது கணக்கா மெல்லிசாத்தான் இருந்துச்சு. ஆனா பாட்டுத்தான்." பிறகு அவருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். கையிலிருந்த வேட்டியை உதறாமலே கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

கண்ணுச்சாமி எழுந்துபோய் ஆர்மோனியத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னொரு தடவ வாசிங்க டீச்சர்." காதைப் பலகையோடு ஒட்டிக்கொண்டார். பிரிஸ்கில்லா வாசித்தார். கண்ணுச்சாமி கண்களை மூடிக் கேட்டார். எந்திரங்களை முப்பத்தோரு வருஷம் காதால் சோதித்தவர். பேரிங் தேய்ந்தால் எப்படி உறுமும் என்று அவருக்குத் தெரியும். பெல்ட் தளர்ந்தால் தெரியும். இங்கே பலகைக்கு உள்ளே ஒன்றுமே இல்லை.

"சரி" என்றார். ரம்பத்தை எடுத்து அதன் உறையில் போட்டார்.

அந்த ஆர்மோனியம் தப்பித்தது. அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் அதை நினைக்கவில்லை. இதற்கு முன்பு வந்தவற்றை நினைத்தார். ஏணியைப் போட்டுப் பரணிலிருந்து பிஸ்கட் டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கினார். ஆர்மோனியத்தை அறுக்கும்போது உள்ளேயிருந்து கழற்றுகிற ரீடுகளை, காற்றுப் பட்டு அதிர்ந்து பாடுகிற அந்தப் பித்தளை நாக்குகளை, அவர் எறிவதில்லை. பயன் இருக்கிறதென்றும் இல்லை. வாத்தியத்தின் வீட்டுக்காரர் பெயரைப் பெயிண்டால் எழுதி டப்பாவில் போட்டு வைப்பார். பதினோரு டப்பாக்கள் இருந்தன.

"டீச்சர், இத வாயில வச்சு ஊதுனா சத்தம் வருமா?"

"உசிரு இருந்தா வரும் அண்ணாச்சி."

"ஊதிப் பாருங்க. எனக்குச் சொல்லுங்க."

வெங்கடேஸ்வரி வெந்நீரில் ரீடுகளைக் கழுவித் துண்டில் பரப்பினார். பிரிஸ்கில்லா ஒவ்வொன்றாக உதட்டில் வைத்து ஊதினார். சத்தம் வந்தால் வலப்பக்கம், வராவிட்டால் இடப்பக்கம். கண்ணுச்சாமி அவர் உதட்டைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். முதல் டப்பா முழுக்க இடப்பக்கம் போனது. இரண்டாவதில் மூன்று வலப்பக்கம் வந்தன. அடுத்ததில் ஒன்று.

"டீச்சருக்கு வாயெல்லாம் பித்தள நாத்தமா இருக்கும். செத்த நேரம் நிப்பாட்டுங்க, காப்பி போடுதேன்" என்றார் வெங்கடேஸ்வரி.

"இருக்கட்டுங்கக்கா, முடிச்சிருவோம்."

பத்து டப்பாக்கள் முடிந்தபோது கண்ணுச்சாமியின் தோளில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஒன்றிரண்டு ரீடு பாடுகிறதென்பதற்காக அந்த வாத்தியங்களை எந்த ரிப்பேர்க்காரரும் எடுத்திருக்க மாட்டார். உடம்பு உளுத்துப்போனவை அவை. பதினோராவது டப்பாவில் 'கூமாப்பட்டி சுந்தரபாண்டியன்' என்று எழுதியிருந்தது. பிரிஸ்கில்லா ஊதினார். வலப்பக்கம். இன்னொன்று. வலப்பக்கம். துண்டின் அந்தப் பக்கம் இடமில்லாமல் போனது. மொத்தம் இருபத்திரண்டு.

கண்ணுச்சாமிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழைக்காலம். ஓட்டுக் கூரை ஒழுகி ஆர்மோனியத்தின் இடது பாதி நனைந்திருந்தது. பெட்டி தேக்கு, ஒரு புழுத்துளை இல்லை. துருத்தி கெட்டியாக இருந்தது. இடது பாதி ரீடுகள் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தன. வலது பாதியை அவரும் வெங்கடேஸ்வரியும் மூன்று நாள் கேட்டார்கள். நான்காம் நாள் அந்தக் கெட்டித் துருத்தியை அவரே கத்தியால் கிழித்து எடுத்தார். கிழிக்கும்போது தோல் வாசனை வந்தது, நல்ல தோலென்று சொன்னார்கூட.

பிரிஸ்கில்லா போன பிறகு வெங்கடேஸ்வரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நானுந்தான கேட்டேன்? உங்கள மட்டுமா குத்தம் சொல்ல முடியும்?"

"நீ கேட்டது எனக்காக."

"இந்தாங்க, அந்தக் கூமாப்பட்டி மனுசன் என்னத்த வாசிக்கப் போறாரு? பட்டாளத்துல இருந்து வந்தவரு. தேங்காய வெட்டிப் போட்டுக்கிட்டுத் திரியுதாரு. நீங்க எடுத்திருக்கலேன்னா எலிதான் குடும்பம் நடத்தியிருக்கும்."

"அது எலி பண்ணுனது. இது நான் பண்ணுனது" என்றார் கண்ணுச்சாமி.

அதற்கு மேல் ஒரு மாதம் அவர் எதையும் அறுக்கவில்லை. வந்தவர்களிடம், "சோலி இருக்கு, பொறவு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். தவறு செய்துவிட்டோம் என்று தெரிவது ஒரு பாரம். அந்தத் தவறால் யாருக்கும் நஷ்டமில்லை என்று எல்லோரும் சொல்வது இன்னொரு பாரம். அது முதலாவதைவிட இறக்கிவைக்கக் கடினமானது. நஷ்டப்பட்டவர் ஒருவர் இருந்தால் அவர் காலில் விழலாம். கூமாப்பட்டியில் நஷ்டப்பட்டது எது என்று அவரால் விரலை நீட்டிக் காட்ட முடியவில்லை.

புரட்டாசியில் பிரிஸ்கில்லா திரும்ப வந்தார். சபை ஆர்மோனியத்தை மதுரையில் ஒரு ரிப்பேர்க்காரரிடம் கொடுத்திருந்தார். கமிட்டியிடம் சண்டை போட்டுத்தான். கரையான் மண் அடைத்துக் களிம்பேறியதில் நடு வரிசை ரீடுகள் பதினொன்று போய்விட்டன.

"புது ரீடு போட்டா பழசோட சேராதாம் அண்ணாச்சி. புதுசு தனியாக் கத்துமாம். பழசுல அதே கம்பெனி கிடைச்சா மாட்டித் தாரேன்னு சொல்லுதாரு." பரணை நிமிர்ந்து பார்த்தார். "கூமாப்பட்டி டப்பாவுல உள்ளது அதே கம்பெனி. நான் அன்னைக்கே பாத்தேன்."

வெங்கடேஸ்வரியின் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க! ஆண்டவன் எப்படிக் கொண்டாந்து சேக்குதான் பாருங்க. இங்க பாடாதது அங்க பாடட்டும். குடுத்திருங்க."

கண்ணுச்சாமி டப்பாவைத் திறந்து பார்த்தார். பிரிஸ்கில்லா உயிருள்ளவற்றைத் தனியே நூல் சுற்றி வைத்திருந்தார்.

"சுந்தரபாண்டியன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத் தாரேன் டீச்சர்" என்றார்.

அது நியாயம்தான் என்று பிரிஸ்கில்லாவுக்கும் பட்டது. ரிப்பேர்க்காரரிடம் போன் செய்து, அடுத்த வாரம் ரீடு வந்துவிடும் என்று சொல்லியும் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணுச்சாமி டப்பாவை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்றைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு புறப்பட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, வத்திராயிருப்பு வழியாகக் கூமாப்பட்டி போகும் பஸ்ஸைப் பிடித்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மேற்கே மலை மேகத்தில் பாதி மறைந்திருந்தது. சுந்தரபாண்டியனிடம் என்ன சொல்வது என்று அவர் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தார். எதுவும் சரியாக உட்காரவில்லை.

சுந்தரபாண்டியன் தோப்பிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "அடடே, வாங்கண்ணே! ஏ பொன்மணி, யாரு வந்திருக்கா பாரு, நம்ம அலமாரிக்காரரு!"

பொன்மணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்க, வாங்க, அக்காவக் கூட்டியாரலயா?" என்றார். அலமாரி கூடத்தில் நடு இடத்தில் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளித் தம்ளர்கள், பேரன் பிறந்தநாள் படம், சுந்தரபாண்டியன் பட்டாளத்தில் வாங்கிய மெடல் ஒன்று. முன்னால் கட்டைகள் பளபளவென்று இருந்தன. தினமும் துடைக்கிறார்கள் போல.

கண்ணுச்சாமி உட்காரவில்லை. "தம்பி, ஒரு விஷயம் சொல்லணும். நான் இது செத்துட்டுன்னு சொன்னேன். சாகல. பாதி உசிரோட இருந்திருக்கு. எங்க காது ரெண்டும் மில்லுல போயிருச்சு, கீச்சுன்னு மெல்லிசா வாற சத்தம் கேக்காது. அது எங்களுக்கே தெரியாது. இப்பத்தான் தெரிஞ்சிச்சு. நல்லா இருந்தத நான் அறுத்துட்டேன்."

சுந்தரபாண்டியன் வாய்விட்டுச் சிரித்தார். "இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க? எங்க அப்பா யாரோ நாடகக்காரன்கிட்ட வாங்கிப்போட்டது அது. எங்க வீட்டுல ஒருத்தனுக்கும் வாசிக்கத் தெரியாது. பொன்மணி பாட ஆரம்பிச்சா மாடு கயித்த அத்துக்கிட்டு ஓடும்."

"ஆமா, இவரு பாடுனா மழ கொட்டும்" என்றார் பொன்மணி. "அண்ணே, அதுல எம்புட்டு அழகாச் சாமான் அடுக்கி வச்சிருக்கேன். பாக்க வாறவுக எல்லாம் கேக்காக. நீங்க மனசப் போட்டுக் கொழப்பாதீங்க. உக்காருங்க, சாப்பிட்டுத்தான் போகணும்."

சாப்பிட்டார்கள். பொன்மணி இரண்டாம் தடவை குழம்பு ஊற்றும்போது கண்ணுச்சாமி வேண்டாமென்று கையைக் காட்டவில்லை. மன்னிப்பு இவ்வளவு சுலபமாகக் கிடைத்தது அவருக்குச் சங்கடமாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பின் அவர் பிரிஸ்கில்லாவைப் பற்றிச் சொன்னார். சபை ஆர்மோனியம், மதுரை ரிப்பேர்க்காரர், பதினோரு ரீடு, எல்லாவற்றையும் சொன்னார்.

"தாராளமாக் குடுங்கண்ணே. எங்களுக்கு எதுக்கு அது? அந்தப் பொண்ணு வாசிக்கட்டும், புண்ணியமாப் போகும்" என்றார் சுந்தரபாண்டியன்.

கண்ணுச்சாமி தலையை ஆட்டினார். எழுந்து வந்து, "அலமாரிய முன்னால கொஞ்சம் இழுக்கலாமா?" என்று கேட்டார்.

இரண்டு பேருமாக இழுத்தார்கள். பொன்மணி தம்ளர்களை எடுத்து வைத்தார். கண்ணுச்சாமி பின்பக்கம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பின்பலகையின் நான்கு திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே ரீடுகள் இருந்த பழைய பலகையை அவர் அன்றைக்கு எடுக்காமல் தாங்கலாக விட்டிருந்தார். அதில் வரிசையாகச் சின்னச் சின்ன நீளத் துளைகள் வெறுமையாக இருந்தன. அவர் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். நூலை அவிழ்த்து, முதல் ரீடை வெளிச்சத்தில் பிடித்து, அதில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்து, அதற்கான துளையின் மேல் வைத்துத் திருகத் தொடங்கினார்.

"என்னண்ணே பண்ணுதீங்க? டீச்சருக்குக் குடுக்கணும்னீங்களே?"

அவர் குனிந்திருந்தார். உதட்டைப் பார்க்காததால் கேட்கவில்லையா, கேட்டும் பேசவில்லையா என்று சுந்தரபாண்டியனுக்குத் தெரியவில்லை.

"மாட்டுனா சத்தம் வருமா?" என்று பொன்மணி முன்னால் வந்து குனிந்து கேட்டார்.

"வராதும்மா. துருத்தி இல்லேல்ல."

"பொறவு எதுக்கு?"

அவர் அடுத்த ரீடை எடுத்தார்.

பிரிஸ்கில்லா பின்னால் கேட்டபோதும் அவர் காரணம் சொல்லவில்லை. மாட்டிவிட்டேன், மன்னிச்சிருங்க டீச்சர் என்று மட்டும் சொன்னார். பிரிஸ்கில்லாவுக்கு வருத்தம்தான், கொஞ்ச நாள் அந்தப் பக்கம் வரவில்லை. சபை ஆர்மோனியத்தில் புது ரீடுகள் போட்டார்கள். நடு வரிசை இப்போதும் கொஞ்சம் தனியாகக் கேட்கிறதாம். வெங்கடேஸ்வரி மாதக்கணக்கில் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். சாவகாசமாக யோசித்தால் இரண்டு மூன்று காரணங்கள் தோன்றும். அவை ஒவ்வொன்றும் இன்னொன்றைத் தள்ளிவிடும். எதிலிருந்து எடுத்தாரோ அதற்கே திருப்பிக் கொடுத்தார் என்பது அவற்றில் ஒன்று.

அன்றைக்கு மதியம் முழுக்க ஆனது. ஒவ்வொரு ரீடையும் அதனதன் துளையில் வைத்து, இரண்டு திருகாணியையும் இறுக்கி, விரல் நுனியால் தட்டிப் பார்த்து, அடுத்ததற்குப் போனார். சுந்தரபாண்டியன் முதலில் வேடிக்கை பார்த்தார். பிறகு அவரும் உட்கார்ந்து டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். இருபத்திரண்டாவதை மாட்டியதும் கண்ணுச்சாமி பின்பலகையைச் சாத்தினார். நான்கு ஆணிகளையும் முறுக்கினார். இரண்டு பேருமாக அலமாரியைச் சுவரோடு தள்ளினார்கள். பொன்மணி தம்ளர்களைத் திரும்ப அடுக்கினார்.

"நாலு மணி வண்டி வந்திரும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணுச்சாமி செருப்பை மாட்டினார்.